கேஷுவாலிட்டி நம்பர் மூணு

வெள்ளை ஹெல்மெட்டுக்கென்று முன்னறையில் தனி ஆணி அடித்திருக்கும் வீடு கும்மிடிப்பூண்டியில் ஒன்றுதான். அது அப்பாவுவின் வீடு என்பது வாராவாரம் நம்மோடு வருகிறவர்களுக்குத் தெரியும். நடுவில் ஏறியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவு சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் சேஃப்டி சூப்பர்வைசர். அங்கே மஞ்சள் ஹெல்மெட் தொழிலாளிக்கு, வெள்ளை அதிகாரிக்கு. இருபத்தெட்டு வருடம் மஞ்சளில் கழித்தவருக்குப் போன ஏப்ரலில்தான் வெள்ளை கிடைத்தது. மார்ச் மாதம் அவர் நடத்திக் காட்டிய மாக் டிரில்லுக்குப் பரிசு அது.

மாக் டிரில் என்றால், விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை விபத்து நடக்காத ஒரு நல்ல நாளில் செய்து காட்டுவது. சைரன் அடிக்கும். சிலர் ஓடுவார்கள், சிலர் விழுவார்கள், ஆம்புலன்ஸ் வரும், முடிந்ததற்கு அடையாளமாக இன்னொரு சைரன் அடிக்கும். பெரிய அதிகாரிகள் ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்துவிட்டு முந்திரி பிஸ்கட் சாப்பிடுவார்கள். விழுகிறவர்களுக்குக் கேஷுவாலிட்டி என்று பெயர். ஓடுகிற வேலை நிரந்தரத் தொழிலாளிகளுக்கு. விழுகிற வேலை கான்ட்ராக்ட் ஆட்களுக்கு.

அப்பாவுவின் மனைவி கன்னியம்மா அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் பெருக்கித் துடைக்கிறவள். பதினோரு வருடமாகக் கேஷுவாலிட்டி நம்பர் மூணு.

அந்த மார்ச் டிரில்லில் கொஞ்சம் அம்மோனியா நிஜமாகவே வந்துவிட்டது. டிரில் முடிந்தது, கன்னியம்மாவின் இருமல் முடியவில்லை. ஆறு மாதம் ஆகிறது. வால்வைச் சரியாக மூடாமல் போனவன் பச்சையப்பன் என்று அப்பாவு வீட்டில் சொல்லியிருந்தார். அந்தப் பச்சையப்பனையும் ஒரே வாரத்தில் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது எளாவூரில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறான். யாரோ மொட்டைக் கடிதம் போட, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார் என்பதுவரை சென்ற வாரம் பார்த்தோம்.

இன்று ஞாயிறு.

காலை நாஷ்டாத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தார் அப்பாவு. டைப் அடித்த தாள். 'மேற்படி நாளில் நான் கீழே விழுந்ததும் இருமியதும் நடிப்பே. என் உடலுக்கு எந்தக் கேடும் ஏற்படவில்லை.' கீழே கோடு. கோட்டுக்குக் கீழே 'கன்னியம்மா, க/பெ. அப்பாவு'.

"சாங்காலம் கான்ட்ராக்டர் ஆளு வந்து வாங்கிகினு போவான். ஒரு கையெழுத்து. அதுக்கு இன்னாமே இவ்ளோ யோசனை?"

"படிச்சிட்டுப் போடறேன்."

"நான்தான் படிச்சிட்டேனே."

கன்னியம்மா இட்லியைப் பிட்டாள். போட்டால் அந்த இருமலுக்குத் தாய் தகப்பன் கிடையாது. இனி அது அவளாக வரவழைத்துக்கொண்ட இருமல். போடாவிட்டால் ஆணியில் தொங்குவது தொங்காது, ஒருவேளை அப்பாவுவின் வேலையும் தங்காது. இரண்டும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்த இட்லி அரை மணி நேரமாகத் தீரவில்லை.

அப்போது உள்ளேயிருந்து அவர்கள் மகள் ஹேமாவதி ஒரு வாளோடு வந்தாள்.

"பொம்பளப் புள்ள கத்தி எடுத்துகினு எங்க போவுது?"

"கத்தி இல்ல நைனா. பிவிசி பைப்பு. மேல ஏசி குழாய்க்குச் சுத்துற ஸ்பாஞ்சு. அதுக்கு மேல பேக்கிங் டேப்பு. அடிச்சாலும் வலிக்காது."

"அப்போ இன்னாத்துக்கு அடிக்கறீங்கோ?"

இந்தக் கேள்விக்கு ஹேமாவதி மூன்று வாரமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டாள். அவர்கள் கூட்டம் அதை லார்ப் என்கிறது. மேடை கிடையாது, எழுதி வைத்த வசனம் கிடையாது. ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, ஒரு நாள் முழுக்க அந்தப் பாத்திரமாகவே நடந்து, பேசி, சண்டை போட்டு, சாயங்காலம் ரயில் ஏறிவிடுவார்கள். வயதுக்கு வந்தவர்கள் இதைச் செய்கிறார்கள் என்பதில்தான் அப்பாவுவுக்கு மூச்சு நின்றது. அதிகாரிகள் முன்னிலையில்லாமல் ஒருவர் எதற்காக நடிக்க வேண்டும் என்பது அவருக்குப் புரியவேயில்லை.

முடிவில் உத்தரவு பிறந்தது. "உங்கம்மாவும் கூட வரட்டும். அங்க இன்னா நடக்குதுன்னு பாத்துட்டு வந்து எனக்கு ரிப்போர்ட் குடுக்கட்டும். போறதுக்கு முன்னாடி கையெழுத்து..."

"வந்து போடறேன்" என்றாள் கன்னியம்மா. செருப்பு ஏற்கெனவே காலில் இருந்தது.

எளாவூருக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மூடிக் கிடக்கிற ஹாலோ பிளாக் களம்தான் ஆட்ட மைதானம். விற்காத கற்களை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கோட்டை கட்டியிருந்தார்கள். சுற்றிலும் மஞ்சள் கயிறு. முப்பது பேர் இருப்பார்கள். வெல்டர், நர்ஸ், வங்கிக்காரர்கள் இருவர், கல்லூரிப் பெண்கள். ஒருத்தி ஜன்னல் திரையைப் போர்த்திக்கொண்டு இளவரசியாக நின்றாள்.

நடத்துகிறவன் ஜெரால்ட். வேறொரு கம்பெனியில் டிராயிங் போடுகிறவன், செவ்வாப்பேட்டையிலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிறவன். புதிதாக வருகிறவர்களைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பது அவன் வழக்கம். கன்னியம்மாவுக்கு ஒரு ஹாலோ பிளாக்கைத் துடைத்துப் போட்டான்.

"நடிக்கத் தெரிய வேணாம்மா. அந்த ஆளா இருந்தா நீங்க இன்னா பண்ணுவீங்களோ அத்தப் பண்ணா போதும்."

"பாக்கறவங்கோ எங்க ஒக்காருவாங்கோ?"

"பாக்கறவங்களே கெடையாதும்மா. கயித்துக்கு உள்ள கீற எல்லாரும் ஆடறவங்கதான்."

கன்னியம்மா சுற்றிப் பார்த்தாள். ஷாமியானா இல்லை. நாற்காலி இல்லை. பிஸ்கட் தட்டு இல்லை. இப்படியொரு டிரில் உலகத்தில் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"மூணு விஷயம் வேணும். மொதல்ல ஒரு பேரு."

"மூணு."

"நம்பர் இல்லம்மா. பேரு."

கொஞ்சம் யோசித்து, "பூங்காவனம்" என்றாள்.

"சூப்பர். ரெண்டாவது, அந்தப் பூங்காவனத்துக்கு இன்னா வேணும்? ஒரு ஆசை."

அவள் ஜெரால்டின் முகத்தைப் பார்த்தாள். அவன் நோட்டில் பேனாவை வைத்தபடி காத்திருந்தான். நெடுஞ்சாலையில் ஆறேழு லாரி போயிற்று.

"அவசரம் இல்லம்மா. வெயில் ஏறுறதுக்குள்ள சொன்னா போதும்."

"ஆராவது கேட்டா சொல்லலாம்னு ஒண்ணு வெச்சிருந்தேன் தம்பி. ஆரும் கேக்கல. இன்னான்னு மறந்துபோச்சி."

"சரி, அத்த ஆட்டத்துல கண்டுபிடிக்கலாம். மூணாவது, ஒரு ரகசியம்."

"அது எங்கிட்ட கீது."

"இன்னா?"

"சொன்னா அது ரகசியமா?"

ஜெரால்ட் சிரித்துக்கொண்டே அந்த இடத்தைக் காலியாக விட்டான். அவள் கையில் பச்சைத் துணி ஒன்றைக் கட்டினான். அவள் மருத்துவச்சி. வாள் இரண்டு முறை பட்டவர்கள் செத்தவர்கள், கீழே படுக்க வேண்டும். மருத்துவச்சி தொட்டால் எழுந்துவிடலாம். மருத்துவச்சியே விழுந்தால் மனத்துக்குள் நூறு எண்ணிவிட்டுத் தானாக எழுந்துகொள்ளலாம்.

"கடைசியா ஒண்ணு. இதான் முக்கியம். ஆட்டத்துல எல்லாம் பொய். நெருப்பு கெடையாது, கத்தி கெடையாது. யாருக்காவது நெஜமாவே அடிபட்டா, மூச்சு வாங்கினா, மனசுக்குப் பேஜாரா இருந்தா, 'நிஜம்'னு கத்தணும். அந்த நிமிஷமே எல்லாரும் நிறுத்திடுவாங்க."

"ஆரு கத்துனாலும்?"

"ஆரு கத்துனாலும்மா."

"புதுசா வந்தவ கத்துனா?"

"புதுசா வந்தவங்க கத்துனா இன்னும் சீக்கிரமா."

கன்னியம்மா அவனை நம்பவில்லை. ஆனால் திரும்பக் கேட்கவும் இல்லை.

அருகில் விஜயகுமார் என்கிற இளைஞர் தோல் கவசத்தை இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வருகிறவர். கவசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அது பனி பெய்யும் நாட்டுக்காகத் தைத்தது என்பதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

"ஆன்ட்டி, ஃபர்ஸ்ட் டைமா? பயப்படாதீங்க. இதுல இம்மர்ஷன்னு ஒண்ணு இருக்கு. கேரக்டருக்குள்ள முழுசா இறங்கறது. அது வர்றதுக்கு ஒரு மூணு வருஷம் ஆகும்."

"நான் பதினோரு வருஷமா வுழுந்துகினு கீறேன் தம்பி."

அவருக்குப் புரியவில்லை. பெரியவர்கள் பேச்சு என்று தலையாட்டிவைத்தார்.

ஆட்டம் தொடங்கியது. உப்பளத் தேசத்துக்காரர்கள் கோட்டையைப் பிடிக்க வந்தார்கள். டிரம் மூடிகள் கேடயமாக மோதின. முதல் பத்து நிமிடம் கன்னியம்மா கல்லுக்குப் பின்னாலேயே ஒண்டியிருந்தாள். பிறகு ஒரு வெல்டர் அவள் காலடியில் விழுந்து, "மருத்துவச்சி, மருத்துவச்சி" என்று முனகினான். தொட்டாள். எழுந்து, கும்பிட்டு, ஓடினான்.

அடுத்தவனைத் தொட்டாள். அவனும் எழுந்தான். தன் கை பட்டு ஆட்கள் எழுந்து போவதைக் கன்னியம்மா ஒருவித அதிர்ச்சியோடு பார்த்தாள். இதுவரை அவளைத்தான் நான்கு பேர் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டிருக்கிறார்கள். ஏழாவது ஆளைத் தொடும்போது அவள் ஓடிக்கொண்டிருந்தாள். எட்டாவது ஆளிடம், "இரு, இரு, வரேன்" என்று அதட்டினாள்.

விஜயகுமார் பின்னால் வந்து இரண்டு முறை தட்டினார்.

கன்னியம்மா விழுந்தாள். அந்த விழுதலைப் பார்த்து அவரே வாளைக் கீழே போட்டுவிட்டார். முழங்கால் முதலில், பிறகு இடுப்பு, பிறகு தோள், கடைசியாகத் தலை, அதுவும் கைமேல். கண் பாதி மூடியிருந்தது. "இம்மர்ஷன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். பத்து நிமிடத்தில் கவசத்துக்குள் வெந்துபோய் அவரும் ஓரமாக உட்கார்ந்து குளுக்கோஸ் குடித்துக்கொண்டிருந்தார் என்பது தனி விஷயம்.

சண்டை கோட்டையின் மறுபக்கம் போனது. அங்கே ஹேமாவதி இரண்டு பேரைச் சாய்த்து, மூன்றாவது ஆளிடம் தோற்று, படுத்து, மருத்துவச்சி வராததால் சலித்து, தலையைத் தூக்கிப் பார்த்தாள். அம்மாவைக் காணவில்லை.

தேடி வந்தபோது கன்னியம்மா விழுந்த இடத்திலேயே கிடந்தாள். உச்சி வெயில். ஜல்லிப் பொடி. கன்னத்தில் கட்டெறும்பு.

"ம்மா. எழுந்திரு. நூறு எண்ணலியா?"

உதடு மட்டும் அசைந்தது. "எண்ணிட்டேன்."

"அப்பால?"

"சைரன் அடிக்கலியே."

ஹேமாவதி சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு வார்த்தை அவளை மண்டி போடவைத்தது.

"ம்மா. மார்ச்சுல. அன்னிக்கும் இப்டித்தான் படுத்துகினு இருந்தியா?"

"ஆமா."

"நாத்தம் வரல?"

"வந்திச்சி. கண்ணு எரிஞ்சிச்சி. நம்பர் ஒண்ணு எழுந்து ஓடிப்போயிட்டா. ரெண்டும் ஓடிட்டா."

"நீ ஏன் ஓடல?"

"உங்கப்பா மைக்குல சொல்லிக்கினே இருந்தாரு. 'நம்பர் மூணைப் பாருங்கள், என்ன ஒரு கட்டுப்பாடு'ன்னு. பெரிய சாருங்கல்லாம் கைதட்டுனாங்கோ. எப்டி எழுந்துக்கறது?"

நாடகம் பார்த்தவர்கள் எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். ஹேமாவதிக்கு இந்த ஆறு மாதத்தில் ஒரு முறைகூட இதைக் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவுக்கு மயக்கம் வந்திருக்கும், அதனால் ஓடவில்லை என்று அவளாகவே முடிவுகட்டியிருந்தாள். விழித்துக்கொண்டு, எண்ணிக்கொண்டு, சுவாசித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள் என்பது இந்த ஜல்லிப் பொடியில்தான் தெரிந்தது.

எழுந்து உட்கார்ந்த கன்னியம்மாவுக்குப் பொடி நெஞ்சில் ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. வழக்கமான இருமல் இல்லை. மூச்சு உள்ளே போகாத இருமல். முகம் கறுத்தது.

"நிஜம்" என்று ஹேமாவதி கத்தினாள்.

முப்பது பேரும் நின்றார்கள். ஓங்கிய வாள் ஓங்கியபடி நின்றது. அடுத்த நொடி நர்ஸ் பெண் தலையிலிருந்த ராணி கிரீடத்தோடு ஓடிவந்தாள். ஒருவன் தண்ணீர், ஒருவன் நிழலுக்கு ஜமுக்காளம். உப்பளத் தேசமும் கோட்டையும் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு போயின.

இருமல் அடங்கியபிறகு கன்னியம்மா முதலில் கேட்டது இதுதான்.

"ஒரு வார்த்தைக்கா நின்னாங்கோ?"

"ஆமாம்மா."

"ஆரையும் கேக்காமயா?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. இருமினால் வருவதுதான் என்று நர்ஸ் பெண் சொன்னாள்.

அரை மணி ஓய்வுக்குப் பிறகு ஆட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். மருத்துவச்சி நிழலில் உட்கார்ந்தே தொடலாம், செத்தவர்கள் அவளிடம் வரலாம் என்று ஜெரால்ட் விதியை மாற்றினான். அந்தச் சமயத்தில்தான் ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தலையில் வண்டி ஹெல்மெட்டுக்குப் பதிலாகக் கம்பெனியின் வெள்ளை ஹெல்மெட் இருந்தது. சேஃப்டி சூப்பர்வைசர்தான்.

சாயங்காலம் வருவதாக இருந்த கான்ட்ராக்டர் ஆள் ஒரு மணிக்கே வருகிறானாம். சட்டைப் பையில் தாள் எட்டிப் பார்த்தது. அப்பாவு நேராகக் கயிற்றைத் தாண்டினார்.

"சார், கயித்துக்கு இந்தப் பக்கம் வந்தா ஆட்டத்துல சேரணும்" என்றான் ஜெரால்ட்.

"நான் ஆடறவன் இல்ல தம்பி. ஆட வெக்கறவன்."

"அப்போ அமைச்சர் ரோல் குடுக்கறேன் சார்."

அப்பாவு நின்றார். "தலைமை அமைச்சரா, சாதாவா?"

"தலைமைதான் சார்."

சால்வை உண்டா என்று கேட்டார். ஒரு சிவப்புப் போர்வை தரப்பட்டது. அதைத் தோளில் சரிசெய்துகொண்டு, மனைவி இருக்கும் நிழலை நோக்கி அமைச்சர் நடையில் பதினைந்து அடி வைத்திருப்பார். ஜன்னல் திரை போர்த்திய கல்லூரிப் பெண் பின்னாலிருந்து இரண்டு தட்டு தட்டினாள்.

"மந்திரி காலி. சார், செத்துட்டீங்க. படுங்க."

"நான் ஏம்மா படுக்கணும்?"

"ரூல் சார்."

அந்தச் சொல்லை இருபத்தெட்டு வருடமாக அடுத்தவர்களிடம் சொல்லிச் சொல்லி, அதைக் கேட்டால் தானாக மடங்கும்படி அவர் முழங்கால் பழகியிருந்தது. சுற்றிலும் படித்த பிள்ளைகள் வேறு பார்க்கிறார்கள். கைக்குட்டையை விரித்துப் படுத்தார். படுத்த இடம் கன்னியம்மாவின் ஹாலோ பிளாக்கிலிருந்து இரண்டு முழம். நிழலுக்கு வெளியே.

"இப்போ ஆரு எழுப்புவா?"

"மருத்துவச்சி தொட்டா எழுந்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஓடிவிட்டாள்.

அப்பாவு கையை நீட்டினார். "தொடுமே. கான்ட்ராக்டர் ஆளு காத்துகினு கீறான்."

கன்னியம்மா தொடவில்லை. அசையாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லு சுடுது."

"சுடும்."

"எவ்ளோ நேரம் படுக்கணும்?"

"நான் எவ்ளோ நேரம் படுத்துகினு இருந்தேன்?"

"இருபது நிமிஷம் இருக்கும்."

"இருபத்திரெண்டு. நீதான் ரிப்போர்ட்ல எழுதினே. 'இருபத்திரெண்டு நிமிடம் அசையாமல் ஒத்துழைத்தார்'னு. எனக்கும் படிச்சிக் காட்டினே."

ஹேமாவதி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவு மகளைப் பார்த்ததும் குரலை உயர்த்தப் பார்த்தார். படுத்துக்கொண்டு குரலை உயர்த்துவது கஷ்டம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கையெழுத்து போட மாட்டேன்" என்றாள் கன்னியம்மா.

"இன்னாமே சொல்றே?"

"நாளைக்கு அந்த ஆபீசரு வந்து கேட்டா, நான் நடிக்கலைன்னு சொல்லிடுவேன். வால்வு தொறந்து கெடந்திச்சி, பச்சையப்பன் மூடாம போயிட்டான், கம்பெனி மறச்சிடுச்சின்னு சொல்லுவேன். உன் பேரை எடுக்க மாட்டேன். பச்சையப்பனுக்குத்தான் ஏற்கெனவே வேல போச்சே."

அப்பாவு வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். எறும்பு ஒன்று அவர் காலரில் ஏறியது. தட்டிவிடவில்லை.

"பச்சையப்பன் பேரைச் சொல்லாத."

"ஏன்?"

"வாணாம்."

"ஏன்யா? நீதான சொன்னே."

"அவன் மூடிட்டுத்தான் போனான்." குரல் போர்வைக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. "நான்தான் தொறந்தேன். வால்வ ஒரு கால் சுத்து."

ஹேமாவதிக்கு முதலில் அது ஆட்டத்துப் பேச்சு என்றுதான் தோன்றியது. அமைச்சர் ஏதோ சதியை ஒப்புக்கொள்கிறார். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"போன வருஷ டிரில்லப் பாத்துட்டு பெரிய சாரு சிரிச்சாரு. ஸ்கூல் ஆண்டு விழா மாதிரி கீதுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்கோ. கொஞ்சம் வாசன வந்தா நம்புவாங்கோன்னு... கால் சுத்துதான். ரெண்டு நிமிஷத்துல மூடிடலாம்னுதான் தொறந்தேன். அதுக்குள்ள மைக்கக் கையில குடுத்துட்டாங்கோ."

"நான் அங்க படுத்துகினு கீறது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"நாத்தம் வந்தா நீ எழுந்து ஓடிருவேன்னு நெனச்சேன்."

"சைரன் அடிக்கற வரைக்கும் அசையக் கூடாதுன்னு நீதானயா சொல்லிக் குடுத்தே."

அப்பாவு நிறைய விதிகளை எழுதியவர். அவற்றை யாராவது இவ்வளவு உண்மையாகக் கடைப்பிடிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்ததில்லை.

"நைனா, அம்மா செத்துப்போயிருக்கும்" என்றாள் ஹேமாவதி.

"அதனாலதான் ஆருகிட்டயும் சொல்லல."

கன்னியம்மா எழுந்தாள். குனிந்தபோது தொடத்தான் போகிறாள் என்று அப்பாவு தலையைத் தூக்கினார். அவள் விரல் சட்டைப் பையிலிருந்த தாளை மட்டும் உருவியது. விரல் நுனிகூட அவர் மேல் படவில்லை.

"எளாவூரு எந்தப் பக்கம்?"

"இப்டிக்கா" என்று ஹேமாவதி கை காட்டினாள். "எதுக்கும்மா?"

"ஆறு மாசமா ஒரு ஆளத் தப்பாத் திட்டிக்கினு கீறேன். அந்த ஆளப் பாக்கணும்."

நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடிக்கு லாரிகள் வரிசை கட்டியிருந்தன. அம்மாவும் மகளும் வேலிக் கருவை நிழலைப் பிடித்து நடந்தார்கள். ஹேமாவதியின் இடுப்பில் வாள் இருந்தது. லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்த ரோட்டில் அவர்கள் பார்க்காதது இல்லை என்பதால் மறுபடி பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்கள்.

பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பவில்லை. சத்தம் நெருங்கியது. கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பிவிடலாம், இல்லை முந்திக்கொண்டு போய்ப் பச்சையப்பனைச் சரிக்கட்டலாம். வண்டி இரண்டும் செய்யவில்லை. அவர்கள் நடைக்கு ஏற்றபடி, பத்தடி தள்ளி, உருண்டு உருண்டு வந்தது.

டிரான்ஸ்போர்ட் கொட்டகைக்கு வெளியே ஒரு லாரி மேல் நின்று பச்சையப்பன் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். முதலில் கன்னியம்மாவைப் பார்த்தான். அப்புறம் வாளைப் பார்த்தான். அப்புறம் மொபெட்டிலிருந்தவரைப் பார்த்து, அவசரமாக லுங்கியை இறக்கிவிட்டான். பழைய மரியாதை.

"இன்னா யக்கா, இவ்ளோ தூரம்?"

"பச்சையப்பா, நீ மூடாம போயிட்டேன்னு சொன்னாங்கோ. நம்பிட்டேன். உன்னக் கண்டபடி பேசிட்டேன். நீ இல்லியாம்." பின்பக்கம் தலையசைத்தாள். "இவருதானாம். கால் சுத்து தொறந்தாராம்."

கயிற்றைப் பிடித்திருந்த கை நின்றது.

"கால் சுத்தா?"

"அப்டித்தான் சொல்றாரு."

பச்சையப்பன் லாரியிலிருந்து இறங்கினான். வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். தோல் உரிந்து ஆறிய தழும்பு பளபளவென்று இருந்தது.

"நாத்தம் வந்ததும் எல்லாரும் கூடி நின்ன எடத்துலேர்ந்து ஓடிப்போய் மூடினது நான்தான் யக்கா. டிரில் நடக்கறப்ப எடத்த வுட்டு நகந்தேன்னுதான் என்ன வெளிய அனுப்புனாங்கோ. வெறும் கையி. மூடறதுக்கு மூணு சுத்து ஆச்சி. கை எரியறப்ப ஒவ்வொரு சுத்தும் ஞாபகம் இருக்கும்."

"இல்ல" என்றார் அப்பாவு. வண்டியை நிறுத்தாமலேயே இறங்கிவிட்டார். அது சாய்ந்து விழுந்தது. "கால் சுத்துதான்டா. நான் தொறந்தேன், எனக்குத் தெரியாதா?"

"மூணு சார்."

"கால்."

"மூணு சார்."

கன்னியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேர் சொல்வதும் நிஜமென்றால், நடுவில் வேறொரு கை அந்த வால்வைத் திருகியிருக்க வேண்டும். பதினோரு வருடம் நடித்தவள். எந்த முகம் நடிக்கிறது, எது நடிக்கவில்லை என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு முகமும் நடிக்கவில்லை.